விலையால் காத்த உயிர்கள்: ஸ்காட்லாந்தின் மதுக் கணக்கு

2018 ஏப்ரல் வரை ஸ்காட்லாந்தின் கடைகளில் மூன்று லிட்டர் சைடர் பாட்டில் ஒன்று நான்கு பவுண்டு அளவில் கிடைத்தது. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மது அது. குளிர்பானம் அடைத்து விற்பது போன்ற பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் வரும். லேபிளில் ஆல்கஹால் 7.5 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்த ஆண்டு மே 1ஆம் தேதி முதல், அதே பாட்டிலை 11 பவுண்டு 25 பென்ஸுக்குக் கீழே விற்பது சட்டவிரோதமானது.

விலை ஒரே நாளில் ஏறக்குறைய மூன்று மடங்கு. அரசு புதிய வரி எதையும் போடவில்லை. அந்த சைடரைத் தடை செய்யவும் இல்லை. ஒரு பானத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ அதற்கேற்ப ஒரு குறைந்தபட்ச விலையை நிர்ணயித்து, அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்றது. அவ்வளவுதான் சட்டம்.

இந்தச் சட்டம் உயிர்களைக் காத்ததா? காத்திருந்தால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார்? மதுவால் குடும்பங்கள் சிதைவதைக் கண்ணெதிரே பார்க்கும் எந்தச் சமூகமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. உணர்ச்சியை வைத்து ஒரு பதிலும், வியாபாரத்தை வைத்து இன்னொரு பதிலும் சொல்லிவிடலாம். ஆனால் ஸ்காட்லாந்து இந்தக் கேள்விகளுக்கு ஆறேழு ஆண்டுகள் உட்கார்ந்து அளந்து பதில் தேடியிருக்கிறது. அந்தப் பதிலைப் பொறுமையாகப் படிப்பது நல்லது.

ஒரு யூனிட் என்பது எவ்வளவு?

பிரிட்டனில் ஆல்கஹாலை ‘யூனிட்’ என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு யூனிட் என்றால் 10 மில்லி தூய ஆல்கஹால். எடையில் 8 கிராம். நாம் மேலே பார்த்த பாட்டிலில் மூன்று லிட்டருக்கு 7.5 சதவீதம், அதாவது 225 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. யூனிட்டில் 22.5. வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகாதீர்கள் என்பது 2016 முதல் அந்நாட்டு மருத்துவத் துறையின் அறிவுரை. ஆக, ஒன்றரை வார வரம்புக்கும் மேற்பட்ட ஆல்கஹால் ஒரே பாட்டிலில், நான்கு பவுண்டுக்கு. ஒரு யூனிட் 18 பென்ஸுக்கும் குறைவு.

நம்மூர் அளவில் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாகும். டாஸ்மாக் கடையில் விற்கும் 180 மில்லி குவார்ட்டரில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதில் இருப்பது 77 மில்லி தூய ஆல்கஹால், 7.7 யூனிட். இரண்டு குவார்ட்டர் போட்டால் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஒரு வாரத்துக்குச் சொல்லும் வரம்பு தாண்டிவிடும்.

ஸ்காட்லாந்து நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 50 பென்ஸ். 40 சதவீத விஸ்கி 700 மில்லி பாட்டிலில் 28 யூனிட் உண்டு. எனவே அது 14 பவுண்டுக்குக் கீழே இறங்க முடியாது. 12.5 சதவீத ஒயின் பாட்டிலுக்கு 4 பவுண்டு 69 பென்ஸ். 4 சதவீத பியர் அரை லிட்டர் டின்னுக்கு ஒரு பவுண்டு. நல்ல விஸ்கி ஏற்கெனவே இதைவிட அதிக விலைக்குத்தான் விற்றது. பப்புகளில் விற்கும் மது அதைவிடவும் அதிகம். அவற்றின் மீது சட்டத்தின் கை படவே இல்லை. அடிபட்டது மலிவான சைடர், சூப்பர் மார்க்கெட்டுகள் தம் சொந்தப் பெயரில் விற்ற வோட்கா, ஜின், விஸ்கி போன்றவை. சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டில் கடைகளில் வாங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்ற மதுவில் ஏறக்குறைய பாதி, யூனிட்டுக்கு 50 பென்ஸுக்குக் கீழேதான் விற்றது. பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதை அதுவே காட்டும்.

ஏன் வரி போடவில்லை?

விலையை ஏற்றுவதுதான் நோக்கம் என்றால் வரியைக் கூட்டிவிட்டுப் போகலாமே? இதற்கு அரசியல் காரணம் ஒன்று, பொருளாதாரக் காரணம் ஒன்று என இரண்டு உண்டு.

மது மீதான கலால் வரியை விதிக்கும் அதிகாரம் லண்டன் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அது இல்லை. மக்களின் உடல்நலத்துக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டு. கையில் இருந்த அதிகாரத்தைக் கொண்டு செய்யக்கூடியது இதுதான்.

பொருளாதாரக் காரணம் இதைவிட முக்கியமானது. வரி கூடும்போது குடிப்பவர் தம் பழக்கத்தை விடாமலே தப்பிக்க வழியிருக்கிறது. இதுவரை வாங்கிய பிராண்டை விட்டுவிட்டு அதைவிட மலிவான பிராண்டுக்கு இறங்கிவிடுவார். சூப்பர் மார்க்கெட்டும் வரியைத் தானே ஏற்றுக்கொண்டு, கூட்டத்தை இழுப்பதற்காக மதுவை அடக்க விலைக்கும் கீழே விற்க முடியும். அந்த நட்டத்தை மளிகையில் எடுத்துவிடும். போதாக்குறைக்கு, பிரிட்டனின் பழைய வரிமுறையில் சைடருக்கு யூனிட் கணக்கில் விழுந்த வரி மிகக் குறைவு. ஆல்கஹால் அளவை அடிப்படையாகக் கொண்டு எல்லா மதுவுக்கும் வரியைச் சீரமைத்தது 2023 ஆகஸ்டில்தான். குறைந்தபட்ச விலை இந்த ஓட்டைகளை எல்லாம் ஒரேயடியாக அடைக்கிறது. கீழே இறங்குவதற்கு அங்கே படியே இல்லை.

விலை ஏறினால் மக்கள் மது வாங்குவதைக் குறைப்பார்கள் என்பது பல நாட்டுத் தரவுகளில் உறுதியான ஒன்று. 2009இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், விலை 10 சதவீதம் ஏறினால் மது நுகர்வு சராசரியாக 5 சதவீத அளவு குறைகிறது என்று கண்டார்கள். அதிகமாகக் குடிப்பவர்களிடம் இந்த விளைவு ஏறக்குறைய 3 சதவீதம்தான். குறைவு என்றாலும் இல்லாமல் போகவில்லை. அதிகமாகக் குடிப்பவர்கள்தான் மலிவான மதுவை அதிகம் வாங்குகிறார்கள்; எனவே மலிவான மதுவின் விலை மட்டும் கடுமையாக ஏறும்போது அடி அவர்கள் பக்கம்தான் அதிகம் விழும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு இந்தத் தர்க்கத்தைக் கணித மாதிரியாக்கி, 50 பென்ஸ் விலை வந்தால் ஸ்காட்லாந்தின் மது நுகர்வு 3.5 சதவீதம் குறையும் என்று முன்கூட்டியே கணித்திருந்தது.

நீதிமன்றத்தில் ஐந்து வருடம்

சட்டம் நிறைவேறியது 2012இல். நடைமுறைக்கு வந்தது 2018இல். இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதி வழக்குதான். ஸ்காட்ச் விஸ்கி சங்கமும் ஐரோப்பிய மதுத் தயாரிப்பாளர் அமைப்புகளும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. சுதந்திரமான வணிகத்துக்கு இது தடை, வரியாலேயே இதே பலனைப் பெறலாம் என்பது அவர்கள் வாதம். எடின்பரோவில் தொடங்கிய வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, கடைசியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2017 நவம்பர் 15 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். அதிகம் கேடு செய்யும் மலிவான, கடுமையான மதுவைக் குறிவைப்பதுதான் நோக்கம். வரியை ஏற்றினால் அளவாகக் குடிப்பவர்களும் சுமக்க வேண்டிவரும், குறி அவ்வளவு துல்லியமாக இருக்காது என்பதை நீதிமன்றம் ஏற்றது.

சட்டத்துக்குள்ளேயே ஒரு நல்ல நிபந்தனை இருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஏப்ரல் 30 அன்று, நாடாளுமன்றம் மறுபடியும் வாக்களித்தால் ஒழிய இது தானாகக் காலாவதியாகிவிடும். ஆகவே பலன் இருந்ததா என்பதை அளந்து காட்டியாக வேண்டிய கட்டாயம் தொடக்கத்திலேயே இருந்தது. அளக்கும் பொறுப்பு பொதுச் சுகாதார அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு கொள்கையைப் போடும்போதே அதன் தேர்வையும் சேர்த்து எழுதிவைப்பது எந்த அரசும் பின்பற்றத்தக்க நேர்மை.

இறப்பு ஏறியதா, இறங்கியதா?

இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் காட்டும் எண்கள் எளிமையானவை. ஸ்காட்லாந்தில் மதுவால் மட்டுமே நேர்ந்த இறப்புகள் 2018இல் 1,136. 2019இல் 1,020 ஆகக் குறைந்தன. 2020இல் 1,190. 2021இல் 1,245. 2022இல் 1,276. சட்டம் வந்த பிறகு சாவு கூடித்தானே இருக்கிறது என்று கேட்கிறார்கள். எண்கள் பொய்யல்ல. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு: சட்டம் வராமல் இருந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்?

நடக்காத ஒன்றை எப்படி அளப்பது? பக்கத்திலேயே இங்கிலாந்து இருந்தது. அதே வரி, அதே சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள், அதே தொலைக்காட்சி விளம்பரங்கள், அதே கொரோனா. குறைந்தபட்ச விலை மட்டும் இல்லை. 2020இல் பொதுமுடக்கம் வந்ததும் ஏற்கெனவே அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டிலிருந்தபடி இன்னும் அதிகமாகக் குடித்தார்கள். அந்த ஒரே ஆண்டில் இங்கிலாந்தில் மதுவால் நேர்ந்த இறப்புகள் 20 சதவீதம் கூடின. ஸ்காட்லாந்திலும் கூடின, 17 சதவீதம். இரண்டு நாடுகளையும் ஒரே காற்று அடித்துக்கொண்டிருந்தபோது ஒன்றின் எண்ணிக்கையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் செய்தது இதுதான். சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் போக்கை இரு நாடுகளிலும் எடுத்தார்கள். சட்டம் வந்த மாதத்திலிருந்து 2020 இறுதி வரை, அதாவது 32 மாதங்கள், ஸ்காட்லாந்தின் கோடு இங்கிலாந்தின் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்தார்கள். 2023 மார்ச்சில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான முடிவு: மதுவால் மட்டுமே நேரும் இறப்புகள், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13.4 சதவீதம் குறைவு. ஆண்டுக்குச் சராசரியாக 156 உயிர்கள். புள்ளியியல் பிழைக்கு இடம் கொடுத்துப் பார்த்தாலும் குறைவு 8 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. ஆண்களிடமும், மிக ஏழ்மையான பகுதிகளில் வாழ்பவர்களிடமும்தான் இந்தப் பலன் அதிகம்.

கடைசியாகச் சொன்னதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஸ்காட்லாந்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் மதுவால் சாகிறவர்களின் விகிதம், வசதியான பகுதிகளைப் போல நான்கு மடங்குக்கு மேல். ஒரே அளவு குடித்தாலும் ஏழையின் உடல்தான் முதலில் உடைகிறது; சாப்பாடு, வேலை, வீடு, மருத்துவம் என எல்லாக் குறைகளும் மதுவோடு சேர்ந்துகொள்கின்றன. பொதுவாக நலக் கொள்கைகளின் பலன் படித்தவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் முதலில் போய்ச் சேரும். இங்கே அது கீழே இருந்தவர்களுக்கு முதலில் போனது.

கல்லீரல் இவ்வளவு சீக்கிரம் தேறுமா?

ஒரு சந்தேகம் நியாயமானது. கல்லீரல் பத்து, இருபது வருடக் குடியில் கெடுவது. விலை ஏறி இரண்டே ஆண்டில் எப்படி இறப்பு குறையும்?

குடித்த ஆல்கஹாலின் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் உடைக்கிறது. முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகவும், பிறகு தீங்கில்லாத அசிடேட்டாகவும் மாற்றுகிறது. தினமும் குடித்தால் கல்லீரல் செல்களில் கொழுப்பு சேரும், பிறகு வீக்கம், பிறகு தழும்பு. தழும்புகள் உறுப்பு முழுவதும் பரவிக் கல்லீரல் இறுகிச் சுருங்கிவிடும் நிலையைத்தான் சிரோசிஸ் என்கிறோம். அந்த நிலைக்கு வர ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்த நிலையில் இருக்கும் ஒருவர் இந்த ஆண்டு சாகிறாரா, இன்னும் பத்து ஆண்டு வாழ்கிறாரா என்பதை இந்த ஆண்டு அவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது. விளிம்பில் நிற்பவர் குடியைக் கொஞ்சம் குறைத்தாலும் வீக்கம் தணியும். மீதியிருக்கும் செல்கள் தாக்குப்பிடிக்கும்.

வரலாறும் இதைக் காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் ஒயினுக்கு ரேஷன் வந்தது. ஐந்தே ஆண்டுகளில் சிரோசிஸ் இறப்புகள் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தன. ரேஷன் நீங்கியதும் மறுபடி ஏறின. எதிர்த்திசையில் ஒரு சான்று பின்லாந்து. 2004இல் அந்நாடு மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அந்த ஆண்டிலேயே உடலில் மதுவோடு திடீரென இறந்தவர்களின் எண்ணிக்கை 17 சதவீதம் கூடியது. மது அரிதானால் சாவு குறைகிறது, மலிந்தால் கூடுகிறது.

சட்டம் செய்ய முடியாதவை

ஸ்காட்லாந்தின் மொத்த மது விற்பனை மூன்று ஆண்டுகளில் 3 சதவீதம் குறைந்தது. ஷெஃபீல்டு கணித்த 3.5 சதவீதத்துக்கு மிக அருகில். சைடர் விற்பனைதான் அதிகம் விழுந்தது. மருத்துவமனைச் சேர்க்கைகள் 4.1 சதவீதம் குறைந்ததாக மதிப்பீடு. ஆனால் இது புள்ளியியல் உறுதி எட்டாத எண். குற்றங்கள், சாலை விபத்துகள், ஆம்புலன்ஸ் அழைப்புகள் ஆகியவற்றில் தெளிவான மாற்றம் ஏதும் தென்படவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதி இளைஞர்களின் சண்டை சச்சரவோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் பக்ஃபாஸ்ட் என்ற மதுவை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து மடாலயம் ஒன்றில் தயாராகும், கஃபீன் சேர்ந்த ஒயின் அது. 750 மில்லி, 15 சதவீதம். குறைந்தபட்ச விலை 5 பவுண்டு 63 பென்ஸ் என்று வரும். அது ஏற்கெனவே அதைவிட அதிக விலைக்கு விற்றுக்கொண்டிருந்ததால் சட்டம் அதைத் தொடவே இல்லை. ஊர் திட்டும் மதுவும் உயிரைக் குடிக்கும் மதுவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இறப்புக் குறைவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நீண்டகாலக் குடியால் வரும் நோய்களில்தான், முக்கியமாகக் கல்லீரல் நோயில்தான், பலன் தெளிவாக இருந்தது. ஒரேயடியாக அதிகம் குடித்து மயங்கி விழுவது போன்ற உடனடிக் கேடுகளில் பலன் தெரியவில்லை. அவை சற்று கூடியிருக்கலாம் என்ற, உறுதியில்லாத அறிகுறிகூட இருந்தது. சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக் குடித்திருக்கலாம், வெறும் வயிற்றில் போதை விரைவாக ஏறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று.

இங்கேதான் இந்தச் சட்டத்தின் மிகக் கசப்பான பக்கம் வருகிறது. குடிநோய்க்குச் சிகிச்சை பெற வந்தவர்களைச் சந்தித்து ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு பேசியது. குடிக்கு முழுமையாக அடிமையானவர்கள், விலை ஏறியதால் குடியைக் குறைத்தார்கள் என்பதற்குத் தெளிவான ஆதாரம் அவர்களிடம் கிடைக்கவில்லை. அதிக விலை கொடுத்தார்கள். அதற்காகச் சிலர் சாப்பாட்டையும் வீட்டு பில்களையும் விட்டுக்கொடுத்தார்கள், கடன் வாங்கினார்கள். அதே சமயம், போதைப்பொருளுக்கு மாறுவார்கள், திருட்டுப் பெருகும் என்று பலர் அஞ்சியது பெரிய அளவில் நடக்கவில்லை.

குடிநோயாளியிடம் விலை ஏன் தோற்கிறது? காலையில் எழுந்ததும் கை நடுக்கம், வியர்வை, குமட்டல். முதல் மடக்கு உள்ளே போனால்தான் அது அடங்கும். பல ஆண்டுகளாக ஆல்கஹாலுக்குப் பழகிய நரம்பு மண்டலம், அது திடீரென நின்றுபோனால் கட்டுப்பாடில்லாமல் பொங்கி எழுகிறது. வலிப்பு வரலாம், இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம், சரியான மருத்துவம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். இப்படிப்பட்டவருக்கு மது ஒரு விருப்பப் பொருள் அல்ல. விலை ஏறினால் அவர் செய்யக்கூடியது வேறு எதையாவது விட்டுக்கொடுப்பதுதான். விலை நோயைத் தடுக்கும். நோய் முற்றியவரைக் குணப்படுத்தாது.

அப்படியானால் இறப்பு குறைந்தது எப்படி? கல்லீரல் நோயால் சாகிறவர்கள் எல்லோரும் இந்த முற்றிய நிலையில் இருப்பவர்கள் அல்லர். தினமும் மாலையில் வேலைக்குப் போய்வந்த பிறகு அளவுக்கு மீறிக் குடிக்கும், ஆனால் காலையில் நடுக்கம் வராத பெரும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களால் குறைக்க முடியும். விலை அவர்களைத்தான் தடுத்தது.

கூடுதல் பணம் எங்கே போனது?

பொருளாதாரக் கணக்கில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். வரியாக இருந்திருந்தால் கூடுதல் பணம் அரசு கஜானாவுக்குப் போயிருக்கும். இது விலை, எனவே அந்தப் பணம் விற்றவர்களிடமே தங்கிவிட்டது. நான்கு பவுண்டு சைடருக்குப் பதினொன்றேகால் பவுண்டு கொடுத்த ஒருவரின் மீதி ஏழு பவுண்டு, விற்பனை வரி போகக் கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்ந்தது. விற்பனை அளவு குறைந்ததால் கொஞ்சம் இழப்பும் அவர்களுக்கு உண்டு. ஆனால் ஸ்காட்லாந்தின் மதுத் தொழிலை இந்தச் சட்டம் வீழ்த்தவில்லை. நிறுவனங்களின் எண்ணிக்கையிலோ வேலைவாய்ப்பிலோ நல்லதாகவோ கெட்டதாகவோ தொடர்ச்சியான விளைவு எதையும் மதிப்பீட்டுக் குழு காணவில்லை. எல்லை தாண்டி இங்கிலாந்தின் கார்லைலுக்கோ பெரிக்குக்கோ போய் வாங்கிவருவது எல்லையோரச் சிற்றூர்களில் இருந்தாலும் நாட்டளவில் பொருட்படுத்தும் அளவில் இல்லை. ஐந்து வருடத்துக்கும் மேலாக வழக்காடிய தொழிலுக்குப் பெரிய அடி விழவில்லை.

ஆக, கணக்கு இப்படி நிற்கிறது: ஆண்டுக்கு 156 உயிர்கள் ஒரு தட்டில். மறுதட்டில், மலிவான மதுவை வாங்கும் ஏழைகளின் பையிலிருந்து போன பணம். அந்தப் பணம் அவர்களுக்குச் சிகிச்சையாகத் திரும்பி வரவில்லை. மதுவையும் புகையிலையையும் ஒருசேர விற்ற பெரிய கடைகள் மீது 2012 முதல் 2015 வரை ஸ்காட்லாந்தில் ஒரு கூடுதல் தீர்வை இருந்தது. பொதுச் சுகாதாரத்துக்காகப் போடப்பட்டது. அதற்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். குறைந்தபட்ச விலை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே அது திரும்ப வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சட்டத்தால் கிடைக்கும் லாபத்தை அந்தச் சட்டத்தால் அதிகம் வருந்துபவரின் மருத்துவத்துக்குச் செலவிடுவதில் எந்த அநியாயமும் இல்லை.

விலை என்பது ஒருமுறை எழுதிவைத்து மறந்துவிடக் கூடியதும் அல்ல. பணவீக்கம் ஏற ஏற 50 பென்ஸின் கூர்மை மழுங்கிக்கொண்டே வந்தது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் சட்டத்தைத் தொடர வாக்களித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 முதல் விலை 65 பென்ஸ். விஸ்கிக்கு 14 பவுண்டாக இருந்தது 18 பவுண்டு 20 பென்ஸ் ஆனது.

மற்ற நாடுகளும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. வேல்ஸ் 2020 மார்ச்சில் தொடங்கியது. அயர்லாந்து 2022 ஜனவரியில். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசம் 2018 அக்டோபரில் தொடங்கியது. அட்டைப் பெட்டியில் அடைத்து விற்ற மலிவான ஒயினின் விற்பனை அங்கே சரிந்தது. ஆனால் ஆட்சி மாறியதும் 2025இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். சான்று இருந்தால் மட்டும் ஒரு சட்டம் நிலைத்துவிடாது. அதற்காகப் பேசுபவர்களும் வேண்டும்.

இதை அப்படியே இங்கே கொண்டுவரலாமா?

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. இங்கே சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கின் கையில். விலையை நிர்ணயிப்பதும் அரசு, லாபமும் அரசுக்கு. அடக்க விலைக்குக் கீழே விற்றுக் கூட்டம் சேர்க்கும் சூப்பர் மார்க்கெட் இங்கே இல்லை. எனவே ஸ்காட்லாந்து அடைத்த ஓட்டை நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது வேறு ஓட்டை: கள்ளச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறித்து, உயிரையும் பறிக்கும். ஸ்காட்லாந்தில் மலிவு மது மறைந்தபோது அந்த இடத்தைப் பிடிக்க ஆயத்தமாகக் காத்திருந்த கள்ளச் சந்தை இல்லை. அது இருக்கும் ஊரில் விலையை மட்டும் ஏற்றிவிட்டுக் காவலை ஏற்றாமல் விட்டால் ஏழையைச் சாவை நோக்கித் தள்ளுவதாகிவிடும்.

ஆனால் ஒரு வகையில் நம் நிலை ஸ்காட்லாந்தைவிட மேல். அங்கே கூடுதல் விலை தனியார் கைக்குப் போகிறது. அதைத் திரும்பப் பெற அவர்கள் இன்னொரு தீர்வை போட வேண்டும். இங்கே ஒவ்வொரு விலையேற்றத்தின் பணமும் நேராக அரசிடம்தான் வருகிறது. அதில் ஒரு பங்கைக் குடிநோய் சிகிச்சைக்கு என்று சட்டத்தாலேயே ஒதுக்கிவைக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மாவட்ட மருத்துவமனை தோறும் கைநடுக்கத்தோடு வருபவரைச் சேர்த்துக்கொள்ளப் படுக்கை, மருந்து, மனநல மருத்துவர், அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச ஒரு ஆலோசகர். விலையேற்றம் என்ற அறிவிப்பு வரும்போதெல்லாம் இந்த ஒதுக்கீடு எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும்.

ஸ்காட்லாந்தின் சோதனை ஒரு விஷயத்தை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டது. மது மிக மலிவாகக் கிடைப்பது கொல்கிறது; ஏழைகளை அதிகம் கொல்கிறது; அந்த மலிவை நிறுத்தினால் சாவு சில ஆண்டுகளுக்குள்ளேயே குறைகிறது. எனவே குறைந்தபட்ச விலை வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் ஏற்கெனவே அடிமையாகிவிட்டவரின் சாப்பாட்டுக் காசில் இந்த வெற்றியின் ஒரு பகுதி நிற்கிறது. அந்தக் கடன் திருப்பித் தரப்பட வேண்டும். விலையை உயர்த்தும் கையெழுத்தும் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கும் கையெழுத்தும் ஒரே நாளில், ஒரே கோப்பில் விழட்டும்.